பேலியோவா, ஃபாஸ்டிங்கா, கலோரி கணக்கா: எங்க வீட்டு அடுப்பு என்ன சொல்லுது

எங்க வீட்டுல ஒன்றரை வருஷத்துல மூணு டயட்டும் நடந்துடுச்சு. வீட்டுக்காரர் பேலியோ (அரிசி, கோதுமை, சர்க்கரைய விட்டுட்டு கறி, முட்டை, பாதாம்னு சாப்படறது), பக்கத்து தெருவுல இருக்கற நாத்தனார் ஃபாஸ்டிங், நான் கலோரி கணக்கு. காவேரிப்பட்டணத்துல டெய்லரிங் கடை வச்சிருக்கேன், நாள் முழுக்க மிஷின்ல உக்காந்து 74 கிலோ ஆயிட்டேன், இப்ப 66. முதல்லயே சொல்லிடறேன், நான் கலோரி கணக்கு கட்சி, அதனால நடுநிலைமை எல்லாம் என்கிட்ட எதிர்பாக்காதீங்க.

பேலியோ வேலை செய்யும், அதுல சந்தேகமே இல்ல. அவருக்கு மூணு மாசத்துல 9 கிலோ குறைஞ்சுது, முதல் வாரம் இறங்கினதுல பாதி தண்ணி எடைதான், மாவுச்சத்த நிறுத்தினா உடம்புல சேமிச்சு வச்ச சர்க்கரையோட சேந்து தண்ணியும் போயிடும், ஆனா மீதி நெஜமாவே குறைஞ்சுதுதான். காலையில எண்ணி நூறு பாதாம், மதியம் முட்டை, வெண்ணெய், ராத்திரி கறி. பசியே எடுக்கலன்னு சொல்லுவாரு. செலவு பத்தி எல்லாருக்கும் தெரியும், அத விடுங்க.

ஃபாஸ்டிங்கும் அப்படித்தான், நாத்தனார் 16 மணி நேரம் சாப்டாம இருந்து மத்தியானம் 12ல இருந்து ராத்திரி 8 வரைக்கும் சாப்டுவாங்க. 5 கிலோ குறைச்சாங்க, இன்னும் விடாம பண்றாங்க. நான் 11 நாள்தான் இருந்து பாத்தேன், காலையில 10 மணிக்கு கை நடுங்கி ஒரு ப்ளவுஸ் கைய தப்பா வெட்டிட்டேன், அதோட விட்டேன், அதனால இத பத்தி பெருசா தீர்ப்பு சொல்ல எனக்கு தகுதி இல்ல. சுகருக்கு மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்க மட்டும் டாக்டர கேக்காம இதுல இறங்காதீங்க, சுகர் திடீர்னு இறங்கிடும்.

எது நல்லா குறைக்கும்னு தேடினா பெருசா வித்தியாசமே இல்ல. 2018ல ஸ்டான்ஃபோர்டுல 609 பேர ரெண்டா பிரிச்சு ஒரு வருஷம் பாத்தாங்க, மாவுச்சத்த குறைச்சவங்க சராசரி 6 கிலோ, கொழுப்ப குறைச்சவங்க 5.3 கிலோ, இத ஒரு வித்தியாசமாவே எடுத்துக்க முடியாதுன்னு முடிச்சாங்க. 2022ல சீனாவுல 139 பேர வச்சு கலோரி குறைக்கறது மட்டும் ஒரு பக்கம், அதோட சாப்பாட்டு நேரத்தையும் 8 மணி நேரத்துக்குள்ள சுருக்கறது இன்னொரு பக்கம்னு பாத்தப்பவும் அதே கதைதான். அப்ப எது எத்தன நாள் தாங்கும்னுதான பாக்கணும்?

அங்கதான் அடுப்பு வருது. வீட்டுல யாரு சமைக்கறாங்களோ அவங்கதான் டயட்ட நடத்தறாங்க, சாப்படறவங்க இல்ல. அவர் பேலியோ இருந்த அஞ்சு மாசமும் நான் ரெண்டு சமையல் பண்ணேன். எங்களுக்கு களியும் அவரைக்கொட்டை குழம்பும், அவருக்கு தனியா வெண்ணெயில காய், தனியா முட்டை. களி கிண்டற வாசனை வந்தா எந்திரிச்சு வாசலுக்கு போயிடுவாரு பாவம். அப்புறம் மாம்பழ சீசன் வந்துச்சு. கிருஷ்ணகிரி பக்கம் இருந்துகிட்டு ஜூன் மாசம் மாம்பழம் வேணாம்னு சொல்றது சாமானிய வேலையா? அம்மா வீட்டுல இருந்து ஒரு கூடை செந்தூரா வந்துச்சு, ஒன்னு சாப்டாரு, "போச்சு, இன்னைக்கு கெட்டுடுச்சு"ன்னு மறுநாள் நாலு சாப்டாரு, அந்த வாரமே பரோட்டா. தீபாவளிக்குள்ள 7 கிலோ திரும்ப ஏறிடுச்சு.

கலோரி கணக்குல மாம்பழத்துக்கு தடை இல்ல, விலை மட்டும்தான் உண்டு. 200 கிராம் சதைக்கு 100ல இருந்து 120 கலோரி போட்டுட்டு சாயங்கால டீயையும் பிஸ்கட்டையும் விட்டுட்டேன், அவ்ளோதான். அன்னைக்கு கெட்டுப்போச்சுங்கற பேச்சே வராது.

கணக்கு எப்படின்னா, சும்மா படுத்திருந்தாலே உடம்புக்கு ஒரு நாளைக்கு எத்தன கலோரி வேணும்னு முதல்ல பாக்கணும். அதுக்கு எடைய பத்தால பெருக்கி, உயரத்த செ.மீ.ல 6.25ஆல பெருக்கி ரெண்டையும் கூட்டி, வயச அஞ்சால பெருக்கி கழிக்கணும், பொம்பளைங்க இன்னும் ஒரு 161 கழிக்கணும், ஆம்பளைங்க 5 கூட்டணும். எனக்கு 74 கிலோ, 156 செ.மீ., 41 வயசு, 1349 வந்துச்சு. கொஞ்சம் நடமாடறவங்கன்னா 1.375ஆல பெருக்கறாங்க, 1855. அதுல 400 குறைச்சு 1450னு வச்சேன். காகிதப்படி பாத்தா 9 மாசத்துல இன்னும் நெறைய குறைஞ்சிருக்கணும், 8தான் குறைஞ்சுது, ஏன்னா கல்யாணம், காதுகுத்து, கேஆர்பி டேம் மீன் வறுவல் எல்லாம் கணக்குல ஏறாது. நான் மிஷின்ல உக்காந்துகிட்டு நடமாடறேன்னு போட்டதும் ஒரு காரணம்.

அடுத்தது களி. செல்போன்ல கலோரி பாக்கற ஆப்புல களின்னு தேடினா கண்டபடி நம்பர் வருது, ஒருத்தர் போட்டதுக்கும் இன்னொருத்தர் போட்டதுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. நானே எடை போட்டேன். ராகி மாவு 400 கிராம், நொய் 100 கிராம். ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல போட்ட அட்டவணைப்படி 100 கிராம் ராகி 321 கலோரி, அரிசி 356. பாத்தீங்களா, ராகி சாப்டா இளைச்சுடும்னு சொல்றதெல்லாம் கலோரிக்கு பொருந்தாது, ரெண்டுக்கும் சொற்ப வித்தியாசம்தான், களி வயித்துல நிக்குங்கறது வேற விஷயம். மொத்தம் 1640. கிண்டி முடிச்சு சட்டியோட தராசுல வச்சு, சட்டி எடை 1150 கிராம கழிச்சேன், அந்த நம்பர அடுப்பு பக்கத்து சுவத்துல பென்சில்ல எழுதியே வச்சிருக்கேன், களி 1600 கிராம் இருந்துச்சு. அப்ப 100 கிராம் களிக்கு சுமாரா 100 கலோரி, மனசுல நிக்கற கணக்கு. முன்னாடி 300 கிராம் உருண்டை ரெண்டு உள்ள போகும், இப்ப 250ல ஒன்னு. அத்தை முதல் நாள் பாத்துட்டு, "ஏம்மா, பொன்ன நிறுக்கறாப்ல களிய நிறுக்கறியே"ன்னு சிரிச்சாங்க. இப்ப அவங்களே "சட்டி எடைய கழிச்சியா"ன்னு கேக்கறாங்க.

ஆனா பெரிய திருடன் களி இல்ல, எண்ணெய். எங்க நாலு பேருக்கு மாசம் நாலு லிட்டர் ஆச்சு. ஒரு லிட்டர் 910 கிராம்தான் நிக்கும், கிராமுக்கு 9 கலோரி, முப்பது நாளுக்கும் நாலு பேருக்கும் பிரிச்சா ஆளுக்கு தினம் 270க்கு மேல வருது! தாளிக்கறப்ப பாட்டில சாச்சு ஊத்தறத விட்டுட்டு ஸ்பூன்ல ஊத்த ஆரம்பிச்சேன், ரெண்டரை லிட்டருக்கு வந்துச்சு, ஆளுக்கு 100 கலோரி குறைஞ்சுது. வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல. ஒரே குழம்பு, ஒரே சட்டி, டயட்டுன்னு தனியா எதுவும் கிடையாது, இதுக்காகத்தான் நான் இதுல நிக்கறேன்.

குறையும் இருக்கு. முதல் ரெண்டு மாசம் வெறும் நம்பர மட்டும் பாத்து 1450க்குள்ள இட்லி, பிஸ்கட், டீன்னே ஓட்டினேன், எடை குறைஞ்சுது, முடியும் கொட்டுச்சு. காரணம் அதுதானான்னு உறுதியா சொல்ல மாட்டேன், ஆனா முட்டையும் கொள்ளும் பச்சபயிறு கடைசலும் சேத்தப்பறம் உடம்பு தெம்பா இருக்கு. புரதம் விஷயத்துல பேலியோகாரங்க தானா தப்பிச்சுடறாங்க, அத ஒத்துக்கணும். அப்புறம் எதையும் எண்ணிகிட்டே இருக்கற மனசு உள்ளவங்களுக்கு இது ஆகாது, ஒரு வாய் கூட தின்னாலும் குத்த உணர்ச்சி வரும்னா ஃபாஸ்டிங் பக்கம் போங்க, அதுல கடிகாரம் மட்டும் பாத்தா போதும். ஹோட்டல்ல சாப்படற வேலை உள்ளவங்களுக்கும் கஷ்டம்தான், சேர்வாவுல எவ்ளோ எண்ணெய்னு யாருக்கு தெரியும்.

செலவு? சமையல் தராசு ஒன்னு, ஐநூறு ரூபாய்க்குள்ள. நாலு மாசத்துக்கு மேல எல்லாத்தையும் எடை போடவும் தேவைப்படல, கண்ணே பழகிடுச்சு, களியும் வேர்க்கடலையும் மட்டும் இன்னும் தராசுல ஏறுது, ஏன்னா சீரியல் பாத்துகிட்டே கடலைய கொறிச்சா 30 கிராமுக்கு 150 போயிடும், கை நிக்காது.

ரெண்டு மாசமா 66லயே நிக்குது. எடை குறைஞ்சா உடம்பு கேக்கறதும் குறையும், அதே கணக்க திரும்ப போட்டா 1855 இருந்த இடத்துல இப்ப 1740 பக்கம்தான் வருது. சாப்பாட்ட இன்னும் குறைக்க மனசு வரல, களி உருண்டை 250க்கு கீழ இறங்கினா ராத்திரி தூக்கம் வராது எனக்கு. அதனால கடைய பூட்டிட்டு ஆட்டோவுல வர்றதுக்கு பதிலா நடந்து வர ஆரம்பிச்சிருக்கேன், 25 நிமிஷம் ஆகுது.