பெரிய காயில் போட்டால் பெரிய தங்கம் கிடைக்குமா? ஜிபிஎக்ஸ் 5000 அனுபவம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தங்கம் தேடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், மெட்டல் டிடெக்டர் மெஷினைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார்கள், காயிலைப் பற்றி அரை நாள் பேசுவார்கள். நானும் இப்போது அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன். வார நாளில் மெல்பர்னில் வேலை, முடிந்த வார இறுதிகளில் டனோலி, டார்னகுல்லா, வெடர்பர்ன் பக்கம் காடு. கையில் இருப்பது மைன்லேப் ஜிபிஎக்ஸ் 5000. 2010-இல் வெளிவந்த மெஷின். 2021-இல் எடை குறைந்த ஜிபிஎக்ஸ் 6000 வந்ததும் பலர் அதற்குத் தாவினார்கள். அந்தக் காசில் நான் காயில்களாக வாங்கி, மாட்டி, கழற்றி, சிலவற்றை விற்றும் பார்த்துவிட்டேன். அந்த அனுபவம்தான் இது.

முதலில் பின்னணி கொஞ்சம். தண்டின் அடியில் இருக்கும் வட்டமான அல்லது முட்டை வடிவத் தட்டுதான் காயில். அதற்குள் செம்புக் கம்பிச் சுருள். இந்த மெஷின் பல்ஸ் இண்டக்‌ஷன் வகை. சுருளில் மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக அனுப்பிச் சட்டென்று நிறுத்தும். நிறுத்திய மறுகணம் மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழும்பி அடங்கும். அது அடங்குவதைத்தான் மெஷின் காது கொடுத்துக் கேட்கிறது. பொடித் தங்கத்தில் அது மைக்ரோ செகண்ட் கணக்கில் முடிந்துவிடும், பெரிய கட்டியில் நிதானமாக அடங்கும். மோனோ காயிலில் அனுப்புவதும் கேட்பதும் ஒரே சுருள். டபுள்-டி காயிலில் ஆங்கில டி எழுத்து வடிவில் இரண்டு சுருள்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்று அனுப்பும், மற்றது கேட்கும். மோனோ ஆழம் போகும், ஆனால் கெட்ட மண்ணில் முணுமுணுக்கும். டபுள்-டி அமைதி, ஆழத்தில் கொஞ்சம் இழப்பு.

கெட்ட மண் என்றால் இரும்புச் சத்து மிகுந்த மண். இந்தப் பக்கம் செம்மண் களியும் இரும்புக்கல்லும் கலந்துதான் கிடக்கும். சில கற்கள் உலோகம் மாதிரியே சத்தம் கொடுத்து ஏமாற்றும். ஆகவே கடைக்காரர் "எத்தனை அங்குலம் வேண்டும்?" என்று கேட்பதற்கு முன் "எந்த மண்ணில் நடக்கப் போகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். கேட்பவர் குறைவு.

மெஷினோடு 11 அங்குலத்தில் மோனோ ஒன்றும் டபுள்-டி ஒன்றும் வரும். டபுள்-டியைப் பலர் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. நான் எடுப்பேன், இரண்டு இடங்களுக்காக. ஒன்று, மின்கம்பி போகும் பாதை. அங்கே மோனோவைப் போட்டால் ஹெட்போனில் இரைச்சல் தாங்காது. டபுள்-டியை மாட்டி, பேனலில் வெளி இரைச்சலை வெட்டும் கேன்சல் நிலைக்கு மாற்றினால் ஆழம் நன்றாகவே குறையும், ஆனால் காது பிழைக்கும். இன்னொன்று, 1850-களில் சுரங்கக்காரர்கள் கூடாரம் போட்டிருந்த பழைய இடங்கள். லாட ஆணி, பூட்ஸ் ஆணி, பெட்டி ஆணி என்று அடிக்கு ஒரு இரும்பு. இந்த மெஷினில் இரும்பைத் தள்ளும் வசதி டபுள்-டியில் மட்டும்தான் வேலை செய்யும். அதுவும் மேலாகக் கிடக்கும் இரும்புக்குத்தான் சரி. ஆழமான சிக்னலை அந்த வசதி "இரும்பு" என்று சொன்னாலும் நான் தோண்டிவிடுவேன்.

அடுத்து வாங்கியது 18 அங்குல மோனோ. எல்லோருக்கும் வரும் ஆசைதான்: ஆழம். காயிலின் விட்டம் கூடினால் பெரிய உலோகத்தை அதிக ஆழத்தில் பிடிக்கும் என்பது உண்மை. சோதிக்க நான் தங்கத்தைப் புதைப்பதில்லை. தூண்டில் ஈயக்குண்டுகள் போதும். பிளாஸ்டிக் குழாயைச் சாய்வாக மண்ணில் இறக்கி, குண்டை உள்ளே தள்ளினால் மேலே இருக்கும் மண் கலையாமல் இருக்கும். கோழிமுட்டை அளவு ஈயத்தில் 18 அங்குலம் 11-ஐத் தெளிவாக முந்தியது. பட்டாணி அளவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. அதற்கும் கீழே போனால் பெரிய காயில் வாயே திறக்கவில்லை. அதன் காந்தப்புலம் பெரிய பரப்பில் பரவுவதால், பொடித் தங்கத்துக்குப் போய்ச் சேரும் பங்கு சொற்பம்.

சரி, பெரிய கட்டியைத்தானே தேடுகிறோம், பொடி போனால் போகட்டும் என்று நினைக்கலாம். இந்த ஊர் வரலாற்றைப் பாருங்கள். உலகின் மிகப்பெரிய வண்டல் தங்கக் கட்டி என்று சொல்லப்படும் வெல்கம் ஸ்ட்ரேஞ்சர் 1869-இல் மோலியாகுல்லில் கிடைத்தது. உருக்கிய பிறகே 70 கிலோவுக்கு மேல் தேறியது. அது கிடந்த ஆழம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். 1980-இல் கிங்கோவரில் ஒருவர் மெட்டல் டிடெக்டரால் எடுத்த ஹேண்ட் ஆஃப் ஃபெய்த் 27 கிலோ. அதுவும் ஓர் அடி ஆழம்தான், அன்றைய மெஷினுக்கே எட்டியது. ஆழத்தில் தங்கம் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் மற்றவர் நடக்காத மண்ணில் காயில் படுவதுதான் முதல் விஷயம், ஆழம் அதற்குப் பிறகு. இதைப் புரிந்துகொண்ட பின் என் காயில் தேர்வு எளிதாகிவிட்டது.

பெரிய காயிலோடு நடப்பது வேறு கதை. ஜிபிஎக்ஸ் 5000-க்கு பேட்டரியை முதுகில் சுமக்க வேண்டும், தண்டை எலாஸ்டிக் கயிற்றால் தோள்பட்டையில் மாட்ட வேண்டும். அத்தனையும் செய்த பிறகும் 18 அங்குலம் என்பது பெரிய தோசைக்கல்லைக் கம்பு நுனியில் கட்டி நாள் முழுக்க வீசுவது போலத்தான். மதியத்துக்குள் முழங்கை பேச ஆரம்பிக்கும். கை சோர்ந்தால் வீச்சு வேகமாகும், காயில் தரையிலிருந்து மேலே எழும்பும். எழும்பிய ஒவ்வொரு சென்டிமீட்டரும் மண்ணில் இழந்த சென்டிமீட்டர். காசு கொடுத்து வாங்கிய ஆழம் அங்கேயே போய்விடும். புதர்களுக்கு நடுவே வட்டத் தட்டு நுழையாது. மரங்களின் அடிவாரத்தையும் விழுந்த கட்டைகளின் ஓரத்தையும் விட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும். நமக்கு முன்னால் வந்தவர்கள் விட்டதும் அதே இடங்கள்தான். தொலைவில் எங்கோ மின்னினால்கூடப் பெரிய காயிலில் படபடவென்று கேட்கும்.

அதன் பிறகு வாங்கியவை 14x9, 12x7 அங்குல அளவில் முட்டை வடிவ மோனோக்கள். கம்பியைக் கற்றையாகக் கட்டாமல் தட்டையாகப் பரப்பிச் சுற்றிய வகை. பொடித் தங்கத்துக்கு இவை கூர்மை. காயில் தயாரிக்கும் காயில்டெக், நக்கெட் ஃபைண்டர் இரண்டு நிறுவனங்களிலுமே இந்த வகை உண்டு. இவற்றில் எது உசத்தி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அளவும் சுற்றும் ஒன்றாக இருந்தால் என் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

புதைத்துப் பார்க்கும் சோதனையைவிட நான் நம்புவது தோண்டாத சிக்னலைத்தான். டார்னகுல்லா பக்கம், மேல்மண்ணை அந்தக் காலத்திலேயே சுரண்டி எடுத்துக் கழுவிய ஒரு சரிவு. 12x7-ஐ மாட்டி, ஃபைன் கோல்ட் டைமிங்கில் (மண்ணுக்கும் தங்கத்தின் அளவுக்கும் ஏற்ப மெஷினில் தேர்ந்தெடுக்கும் அமைப்புகளில் ஒன்று, பொடித் தங்கத்துக்கானது) மெதுவாக நகர்ந்தபோது பின்னணி ரீங்காரம் ஓர் இடத்தில் லேசாகக் குழைந்தது. சத்தம் என்றே சொல்ல முடியாது. குறுக்கே வீசினேன், அதே இடத்தில் அதே குழைவு. கூட வந்திருந்த யாழ்ப்பாணத்து நண்பர் ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, "அண்ணை, எனக்கு ஒண்டும் கேக்கேல்லை, உங்கட காதுக்குத்தான் ஏதோ பிரச்சினை" என்றார். சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, மெஷினை அணைத்து, காயிலை மாற்றினோம். மெஷின் ஓடும்போது காயிலைக் கழற்றவே கூடாது. மாற்றிய பிறகு மின் இரைச்சலைத் தவிர்க்கும் ட்யூனிங், மண்ணின் சத்தத்தைக் கழிக்கும் கிரவுண்ட் பேலன்ஸ் இரண்டும் புதிதாகச் செய்ய வேண்டும். மெஷினோடு வந்த 11 அங்குல மோனோ: தெரிந்தே தேடினால் ஏதோ இருப்பது போல ஒரு சந்தேகம். நடந்துபோகிற போக்கில் கட்டாயம் விட்டிருப்பேன். 18: சுத்தமாக ஒன்றுமில்லை.

பிறகு 12x7-ஐ மாட்டித் தோண்டினோம். மேல் சருகையும் கல்லையும் பூட்ஸால் தள்ளியதும் சத்தம் கூடியது. குப்பை என்றால் அந்தத் தள்ளலிலேயே நகர்ந்திருக்கும். ஒரு கை நீளமான கொத்துக்கோலின் தலையில் வலுவான காந்தம் ஒட்டி வைத்திருக்கிறேன். அதைக் குழியில் துழாவினால் ஆணி இருந்தால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வரவில்லை. ஏழெட்டு சென்டிமீட்டரில் மஞ்சள் களி. பிளாஸ்டிக் அகப்பையில் மண்ணை அள்ளி, காயில் மேல் காட்டி, பாதியைக் கொட்டி, மிச்சத்தைக் காட்டி, மறுபடி பாதி. கடைசியில் விரல் நுனியளவு மண்ணைக் காயில் மேல் தூவியபோது ஒரு துகள் மட்டும் விழுந்த இடத்தில் சத்தம் போட்டது. எச்சில் தொட்டுத் துடைத்தால் மஞ்சள். கால் கிராமுக்கும் குறைவு. நண்பர் அடுத்த மாதமே ஒரு மெஷின் வாங்கிவிட்டார், அது வேறு.

குறையும் உண்டு. மோனோவின் ஓரம்தான் அதிகக் கூர்மை. மேலாகக் கிடக்கும் சின்ன உலோகத்துக்கு ஒரே வீச்சில் இரண்டு சத்தம் வரும், ஓரத்துக்கு ஒன்று. புதியவர் நடுவில் தோண்டிவிட்டுத் தலையைச் சொறிவார். முட்டை வடிவக் காயிலில் கூர் முனையை வைத்துத் துழாவினால் இடம் பிடிபடும். 12x7-இல் ஒரு சரிவை முடிக்க ஒரு நாள் போதாது. ஈயச் சன்னம், துப்பாக்கி ரவையின் துண்டு, சிகரெட் பெட்டியின் அலுமினியத் தாள் எல்லாவற்றையும் அது விடாமல் சொல்லும். பொறுமை இல்லாதவருக்கு 14x9-தான் சரி. ஒரே ஒரு காயில்தான் வாங்க முடியும் என்பவருக்கும் அதையே சொல்வேன்.

காயில் வாழ்வதும் சாவதும் பராமரிப்பில். அடியில் மாட்டும் பிளாஸ்டிக் உறையைக் கட்டாயம் போடுங்கள், கல்லில் உரசித் தேய்வது உறையோடு போகும். ஆனால் உறைக்கும் காயிலுக்கும் நடுவே இரும்புத் தூள் கலந்த மண் புகுந்து சேரும். தரையில் லேசாகத் தட்டும்போதெல்லாம் சத்தம் வந்தால் முதலில் உறையைக் கழற்றிக் கழுவுங்கள். காயில் கெட்டுவிட்டது என்று விற்கப்பட்ட ஒன்றை நண்பர் பாதி விலைக்கு வாங்கி, கழுவி, இன்றும் ஓட்டுகிறார். கேபிள் தண்டில் இறுக்கமாகச் சுற்றியிருக்க வேண்டும்; தொளதொளவென்று ஆடினால் அதுவே பொய்ச் சத்தம் தரும். இரும்பு முனை வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தால் ஒவ்வோர் அடிக்கும் தங்கம் கிடைத்த மாதிரி கேட்கும்.

புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: விக்டோரியாவில் தேட மைனர்ஸ் ரைட் என்ற அனுமதி வேண்டும், 10 ஆண்டு செல்லும். எடுத்த தங்கம் உங்களுடையது. கைக்கருவிகள் மட்டும்தான், குழியை மூட வேண்டும், பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் அனுமதி இல்லை, தனியார் நிலத்தில் உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் கால் வைக்கக் கூடாது. கோடையில் பாம்பு, காட்டுத் தீ இரண்டும் இருப்பதால் நான் இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை மட்டும் போகிறேன். ஈர மண்ணில் சிக்னல் கொஞ்சம் மாறும், அதற்கேற்ப டைமிங்கை மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது கார் டிக்கியில் எப்போதும் இருப்பவை 14x9, 12x7, பிறகு அந்தப் பழைய 11 டபுள்-டி. மூன்றுக்கும் தனித்தனிக் கீழ்த்தண்டு வாங்கி வைத்துவிட்டேன். போல்ட்டோடு மல்லுக்கட்டாமல் ஓரிரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். இல்லையென்றால் சோம்பலில் மாற்றவே மாட்டோம். 18-ஐ விற்கவில்லை. தெரிந்த விவசாயி ஒருவர் கோதுமை வயலை உழுது போட்டிருக்கும்போது அழைப்பார். புதர் இல்லை, மரம் இல்லை, பெரிய பரப்பு, புரண்ட மண். அங்கே மட்டும் அது ராஜா.

பழைய காயில் வாங்குகிறவர்கள் நேரில் போய், மெஷினில் மாட்டி, ஓடவிட்டு, கேபிள் காயிலுக்குள் நுழையும் இடத்தை விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் உள்ளே கம்பி முறிந்துகொண்டிருக்கிறது. தட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், கிளிக் என்று கேட்டால் உள்ளே ஒட்டு விட்டிருக்கிறது. தண்டு மாட்டும் காது இரண்டிலும் கீறல் இருக்கிறதா என்று வெயிலில் பாருங்கள். மாட்டிப் பார்க்கவிடாமல் "எல்லாம் நன்றாக ஓடும்" என்று மட்டும் சொல்கிறவரிடம், எவ்வளவு குறைந்த விலை என்றாலும் வாங்க வேண்டாம்.