6,850 ரூபாய்க்கு ஒரு மினி கூப்பர்: மாடல் கிட் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள்

எனக்கு மாடல் கார் கிட் விற்றவன் இன்று காலையில்தான் என்னை பிளாக் செய்தான். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனால் போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. போனது 6,850 ரூபாய்.

பெயர் போடவில்லை. கடை கிடையாது, போர்டு கிடையாது. சமூக வலைதளத்தில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு மாடல் கார் கிட், அதாவது நாமே ஒட்டிச் சேர்த்து பெயின்ட் அடிக்கிற பிளாஸ்டிக் பாகங்கள், விற்கிற ஆள். இப்படி விற்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், நேர்மையானவர்களிடமும் நான் வாங்கியிருக்கிறேன். அதனால்தான் ஏமாந்தேன்.

நான் கேட்டது 1:24 அளவில், அதாவது நிஜ வண்டியில் இருபத்து நாலில் ஒரு பங்கு, மினி கூப்பர் ராலி கார். கூடவே 1964 மான்டி கார்லோ ராலி என்ற கார் பந்தயத்தில் பேடி ஹாப்கிர்க் ஓட்டி ஜெயித்த வண்டியின் டீகால் ஷீட், அதாவது பாடி மேல் ஒட்டுகிற எண்களும் படங்களும். சிவப்பு பாடி, வெள்ளைக் கூரை, கதவில் 37 என்ற எண். கிட்டில் இருப்பது 1275 எஸ் என்ற மாடல், அந்த 1964 வண்டியின் என்ஜினோ 1071 சிசி. விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். பானெட்டை மூடிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்? உண்மையான வண்டியே பத்து அடி நீளம்தான், கிட்டில் பதின்மூன்று சென்டிமீட்டர்கூட வராது. இந்தக் குட்டி வண்டி பனி மூடிய மலைப் பாதையில் பெரிய கார்களை எல்லாம் பின்னால் தள்ளியது என்பதில் எனக்கு ஒரு கிறுக்கு. என் அப்பா குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். அந்த அம்பாசடர் மாரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்தது. மினியையும் 1959-ல் மாரிஸ் பெயரிலும் விற்றார்கள். ஒரு வகையில் எங்கள் வீட்டு வண்டிக்கு இது பங்காளி முறை.

சரி, நம்பிய கதைக்கு வருகிறேன். முதலில் பாதிப் பணம்தான் தருவேன், பொருள் வந்ததும் மீதி என்றேன். உடனே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அண்ணா, நீங்க குன்னூரா? எங்க அம்மாவுக்கு கோத்தகிரிண்ணா. லீவுக்கு வந்தா டானிங்டன்லதான் இறங்குவோம். நம்ம ஊர்க்காரர்கிட்ட பாதிப் பணம், மீதிப் பணம்னு என்னண்ணா பேச்சு." பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தம்கூடக் கேட்டது. அந்த மெசேஜை மூன்று தடவை கேட்டேன். கோத்தகிரியில் இருக்கிற டானிங்டன் பெயரை ஒருவன் வாயால் சொன்னதற்காக 6,850 ரூபாயையும் யுபிஐ-யில் ஒரே தடவையாக அனுப்பினேன். பில் கேட்கத் தோன்றவில்லை.

பார்சல் ஐப்பசி மழையில் வந்தது. குன்னூரில் அந்த மாதம் பெயின்ட் அடிக்க முடியாது. காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும்போது லாக்கர் பெயின்டை ஸ்பிரே செய்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும், ஒரு முறை அப்படி ஒரு பாடியையே நாசம் செய்திருக்கிறேன். அதனால் மேல் அட்டையை மட்டும் பிரித்துப் பார்த்தேன். பெட்டி மேல் பிளாஸ்டிக் உறை பளபளவென்று இருந்தது. புத்தம்புதுசு என்று அலமாரியில் வைத்துவிட்டேன். ஹேர் டிரையர் இருந்தால் யார் வேண்டுமானாலும் அந்த உறையைப் போடலாம் என்று இப்போது உறைக்கிறது.

பொங்கல் லீவில் நல்ல வெயில். திறந்தேன். உள்ளே பைகள் ஏற்கெனவே கிழிக்கப்பட்டு செலோடேப் போட்டு ஒட்டியிருந்தன. கண்ணாடி பாகங்கள் இருக்கிற ஸ்ப்ரூவே (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வருகிற பிளாஸ்டிக் சட்டம்) இல்லை. கூரையைத் தாங்குகிற முன் தூண் ஒன்று உடைந்து, யாரோ பசையைக் கொட்டி ஒட்டி, அந்த இடமே உருகிக் கிடந்தது. டீகால் ஷீட்டைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. டீகால் என்றால் தண்ணீரில் முக்கி எடுத்துக் கொஞ்ச நேரம் விட்டால் காகிதத்தை விட்டு வழுக்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு மூலையை வெட்டித் தண்ணீரில் போட்டேன். வழுக்கவில்லை, மை கரைந்து தண்ணீர் கறுப்பானது. ஸ்டிக்கர் பேப்பரில் வீட்டு பிரிண்டரில் அடித்த 37!

அன்று சாயங்காலமே போட்டோ எடுத்து அனுப்பினேன். "செக் பண்றேன்ணா." மறுநாள், "கூரியர்ல உடைஞ்சிருக்கும்ணா." கூரியர்காரர் பைக்குள் கையை விட்டுக் கண்ணாடி ஸ்ப்ரூவை மட்டும் எடுத்துக்கொண்டு செலோடேப் போட்டாரா என்று கேட்டேன். பதில் இல்லை. அடுத்த நாள், "அன்பாக்சிங் வீடியோ இருக்காண்ணா? மூணு மாசம் ஆச்சே." அதற்கடுத்து வந்ததுதான் உச்சம்: "உங்க ஊரு குளிருக்கும் ஈரத்துக்கும் டீகால் அப்படித்தான்ணா ஆகும்." அம்மா கோத்தகிரியாம்! கடைசியில், அடுத்த ஆர்டரில் 500 ரூபாய் குறைக்கிறேன் என்றான். அடுத்த ஆர்டராம். 6,850 ரூபாய்க்கு 500. வேண்டாம், முழுப் பணமும் வேண்டும் என்று எழுதினேன். "ஒரு பொம்மைக்கு ஏன்ணா இவ்ளோ டென்ஷன்?" அதோடு பிளாக்.

என் மனைவியும் பொம்மை என்றுதான் சொல்வாள். ஆனால் அவள் சொன்னால் கோபம் வருவதில்லை.

எச்சரிக்கை என்று ஆரம்பித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எந்த மழையாக இருந்தாலும் பார்சல் வந்த அன்றே வீடியோ எடுத்தபடி திறங்கள், உள் பைகள் வரைக்கும். வாங்கும் முன் ஒவ்வொரு ஸ்ப்ரூவுக்கும் தனித்தனி போட்டோ கேளுங்கள், அன்றைய பேப்பரைப் பக்கத்தில் வைத்து. முழுப் பணத்தையும் முன்னால் அனுப்பாதீர்கள், ஊர்ப் பெயர் சொன்னால் கண்டிப்பாக அனுப்பாதீர்கள். பணம் போனது தெரிந்ததும் சைபர் மோசடிப் புகாருக்கு 1930-க்குக் கூப்பிடுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. இரண்டிலும் நான் இன்றுதான் சொல்லப் போகிறேன், மூன்று மாதம் கழித்து.

தூணை அறுத்து ஸ்டைரீன் என்கிற பிளாஸ்டிக் குச்சி வைத்துச் சரிசெய்துவிடுவேன். கண்ணாடியை ஓஎச்பி ஷீட்டில், அந்தத் தெளிவான பிளாஸ்டிக் தாளில், வெட்டிப் பார்க்கலாம். அதை ஒட்ட சூப்பர் குளூ ஆகாது, அதன் ஆவி பட்டுக் கண்ணாடி மங்கிவிடும், ஃபெவிகால்தான். ஆனாலும் ஒரிஜினல் மாதிரி வராது. அந்த மினி ராலி கிட்டின் கண்ணாடி ஸ்ப்ரூ யாரிடமாவது உபரியாக இருந்தால் சொல்லுங்கள். காசு தருகிறேன், பொருள் கைக்கு வந்த பிறகு.