சுகர்ஸிலிருந்து மீள: சபை இல்லமா, என்.ஏ. கூட்டமா, மெத்தடோனா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டுப் பிள்ளை சுகர்ஸ் புகைக்கிறான் என்று தெரிந்துவிட்டால், சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். அத்தை, "பாஸ்டரிடம் கொண்டுபோ" என்பார். மாமா, "டாக்டரைப் பார்" என்பார். போதையை விட்ட ஒருவர் என்.ஏ. (நார்க்கோட்டிக்ஸ் அனானிமஸ்) என்ற, போதையிலிருந்து மீள்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் கூட்டத்துக்குக் கூப்பிடுவார். நான் சபையில் வளர்ந்தவள், ஜெபத்தை முழுமனதோடு நம்புகிறவள். ஆனாலும் முதலில் டாக்டர், மருந்தை நிறுத்தாமலே அப்புறம் சபை என்றுதான் சொல்வேன்.

சுகர்ஸ் என்பது மட்டமான ஹெராயினில் கண்டதையும் கலந்த தூள். 2000-களின் நடுவில் இங்கே பரவ ஆரம்பித்தது. நிறுத்தினால் ஒரு நாளுக்குள் உடம்பு முறுக்கும். பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்திருக்கிறேன். டர்பனின் ஜனவரி வெயிலில் இரண்டு போர்வைக்குள் நடுங்கினான். மூக்கு ஒழுக, ஓயாமல் கொட்டாவி விட்டான். முழங்காலை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவை, அம்மா" என்று கெஞ்சினான். இந்த வேதனை ஒரு வாரம், பத்து நாள் நீளும். அது உடம்பின் நோய், விசுவாசக் குறைவு அல்ல.

சபை நடத்தும் இல்லங்களின் பலம் என்ன? நம் மக்களுக்கு அந்த வழி பழக்கமானது. 1925-ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் முளைத்த ஜெபக்கூட்டம் பெதஸ்தா என்ற பெந்தெகொஸ்தே சபையாக வளர்ந்ததிலிருந்தே, சுகம் தேடி சபைக்குப் போவது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதில்லை. இல்லத்தில் விடியற்காலை ஜெபம், வேதபாடம், தோட்டவேலை, நேரத்துக்குச் சாப்பாடு. பழைய கூட்டாளிகள் அண்ட முடியாது. வெட்கத்தில் குனிந்த தலையை "நீ தேவனுடைய பிள்ளை" என்று நிமிர்த்துகிற வேலையை எந்த மாத்திரையும் செய்யாது. வெளியே வந்த பிறகும் ஞாயிறுதோறும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கும்.

சில இல்லங்களில் மருந்தே கூடாது. எண்ணெய் பூசி ஜெபித்தால் போதும் என்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது. லூக்காவும் வைத்தியர்தானே! சுகர்ஸோடு குடியோ தூக்க மாத்திரையோ சேர்ந்திருந்தால், திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, சாட்சி சொல்ல அவசரப்படுத்துவது. விட்டு மூன்று வாரமான பிள்ளையை மேடையேற்றிக் கைதட்டினால், பின்னால் சறுக்கும்போது அவன் சபைக்கு வரவே கூசுவான். ஒரு வருடமாவது பொறுங்கள். இந்து வீடென்றால் இன்னொரு நெருடலும் உண்டு: பிள்ளை பிழைக்க வேண்டுமானால் மதம் மாற வேண்டுமா? அந்த நிபந்தனை எனக்குச் சம்மதமில்லை.

அந்த வீடுகளுக்கு என்.ஏ. சுலபம். 1953-ல் கலிபோர்னியாவில் தொடங்கியது, பன்னிரண்டு படிகள், காசு கிடையாது. அவரவர் அறிந்த கடவுளை அவரவர் கும்பிடலாம். நடுராத்திரி ஆசை கிளம்பினால் போன் போட ஒரு ஸ்பான்சர், அதாவது முன்பே போதையை விட்ட வழிகாட்டி, இருப்பார். ஆனால் தங்க இடமில்லை; கூட்டம் முடிந்ததும் அதே தெருவுக்குத்தான் திரும்ப வேண்டும். ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவர் தரும் மருந்தான மெத்தடோனை எடுப்பவரைச் சில குழுக்கள் 'க்ளீன்' என்று ஒப்புக்கொள்வதுமில்லை.

மெத்தடோனை "ஒரு போதைக்கு இன்னொரு போதை" என்று நம் சபைகளில் ஒதுக்குகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் அதை 2005-லேயே அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. மருத்துவர் அளந்து தரும் மெத்தடோன் முறுக்கை அடக்குகிறது, ஆசையைத் தணிக்கிறது. பையன் வேலைக்குப் போகலாம், பைபிள் வகுப்பிலும் உட்காரலாம். பத்து நாளில் முடிகிற மருந்தல்ல, மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் எடுக்க வேண்டியது. இங்கே விலை அதிகம், அரசு மருத்துவமனைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. டர்பனில் 2020 ஊரடங்கின்போது தெருவில் வாழ்ந்தவர்களுக்கு மெத்தடோன் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து பெல்ஹேவன் என்ற உதவி மையம் உருவானது. அங்கே விசாரிக்கலாம்.

மருந்தில்லாமல் விட்டவர்களுக்கு ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, பெற்றோர் பலருக்குத் தெரியாது. சில வாரம் விட்டதும் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். வீடு திரும்பிய பிள்ளை சறுக்கி, பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். இல்லத்திலிருந்து வரும் முதல் வாரங்களில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

சபை இல்லத்தைத் தேர்ந்தெடுத்தால், சேர்க்குமுன் கேளுங்கள். போதைப் பழக்கத் தடுப்பு, சிகிச்சை பற்றிய 2008-ஆம் ஆண்டின் 70-ஆம் எண் சட்டப்படி சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்திருக்கிறீர்களா? சான்றிதழைக் காட்டுங்கள். நர்ஸ் உண்டா? டாக்டர் எழுதிய மருந்தைத் தொடர விடுவீர்களா? சங்கிலி, பூட்டு, அடி உண்டா? அவன் திரும்ப விழுந்தால் மறுபடி சேர்ப்பீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் அடுத்த இல்லத்துக்குப் போன் போடுங்கள்.