எட்டு வருடமாக வீட்டு பில்களையும் ஆவணங்களையும் பராமரித்த அனுபவம்

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் எங்கள் ஃபிரிட்ஜ் குளிர்வதை நிறுத்தியது. கம்ப்ரெஸர் போய்விட்டது என்றார் பார்க்க வந்தவர். கம்ப்ரெஸருக்கு மட்டும் தனியாக நீண்ட கால வாரண்டி உண்டு என்பது எனக்கு நினைவிருந்தது. பில்லைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். ஒரு எழுத்துகூட இல்லை. வாங்கிய தேதியை நிரூபிக்க வழியில்லாமல் முழுப் பணமும் கட்டினோம். தொலைந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். இருந்தும் இல்லாமல் போனதுதான் என்னை மிகவும் பாதித்தது. அன்று ஆரம்பித்ததுதான் இந்த ஏற்பாடு. இடையில் இரண்டு முறை முழுதாக மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இன்னும் அதே தவறைச் செய்கிறார்கள். கடையில் நொடியில் அச்சாகி வரும் வழுவழுப்பான பில்லில், அதாவது தெர்மல் பில்லில், மையே கிடையாது. தாளின் மேல் நிறமற்ற ஒரு சாயமும், அதைக் கறுக்க வைக்கும் இன்னொரு ரசாயனமும் பூசியிருப்பார்கள். பிரிண்டரின் சூடு படும் இடத்தில் இரண்டும் உருகிச் சேர்ந்து எழுத்தாகத் தெரிகிறது. அந்தச் சேர்க்கை நிலையானதல்ல. வெயில், ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாமே அதைக் கலைக்கும். பிவிசி கவரை வளைந்து கொடுக்கும்படி செய்யச் சேர்க்கும் பொருளும் மெல்லக் கசிந்து எழுத்தை அழித்துவிடும். நான் பாதுகாப்பு என்று நினைத்துப் போட்ட கவரே அழித்திருக்கிறது! செல்லோடேப்பின் பசையும் இதே வேலையைச் செய்யும். லேமினேஷன் செய்யலாம் என்று தோன்றினால் தயவுசெய்து வேண்டாம். அந்த இயந்திரத்தின் சூட்டில் தாள் முழுதும் கறுத்துப்போகும்.

ஆகவே என் முதல் பழக்கம், தெர்மல் பில் கைக்கு வந்த அன்றே போனில் படம் எடுத்துவிடுவது. பெரிய பொருளாக இருந்தால் சாதாரணத் தாளில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அசலோடு காகித உறையில் வைப்பேன். பிளாஸ்டிக் உறை எங்கள் வீட்டில் இப்போது கிடையாது. சில்லறைச் செலவுகளுக்கான பில்களை, வங்கிக் கணக்கோடு சரிபார்த்ததும் கிழித்துப் போட்டுவிடுகிறேன். இந்தத் தாள்கள் பலவற்றில் உடலுக்குக் கேடான பிபிஏ என்ற ரசாயனம் இருந்ததால் ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் அதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. அது தெரிந்த பிறகு கட்டுக் கட்டாகச் சேர்த்து வைக்கவும் மனம் வரவில்லை.

இரண்டாவது விஷயம், அடுக்கும் முறை. முதல் மூன்று வருடம் மாத வாரியாக அடுக்கினேன். விசிறி போல விரியும் பன்னிரண்டு அறை ஃபைல் ஒன்று வாங்கி, மாதத்துக்கு ஒரு அறை. பார்க்க மிக அழகாக இருந்தது. உள்ளே போடுவதும் சுலபம். ஆனால் எடுக்க வேண்டிய நேரத்தில் ஒருநாளும் உதவவில்லை. வாஷிங் மெஷின் ரிப்பேரான நாளில், அதை எந்த மாதம் வாங்கினோம் என்றா நமக்கு நினைவிருக்கும்? பழுதாகி நிற்பது பொருள். தேடும்போது மனதில் இருப்பதும் அதன் பெயர்தான். இதை உணர எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

அதன் பிறகு பொருளுக்கு ஒரு உறை என்று மாற்றினேன். வாஷிங் மெஷினுக்கு ஒரு காகித உறை. அதற்குள் பில், வாரண்டி கார்டு, சர்வீஸ் சீட்டுகள், பொருத்த வந்தவர் எழுதிக் கொடுத்த தாள். உறையின் மேல் வாங்கிய தேதி, மாடல் எண், வாரண்டி முடியும் தேதி மூன்றையும் பெரிதாக எழுதிவிடுவேன். பாதி நேரம் உறையைத் திறக்கவே தேவையிருக்காது. மனிதர்களுக்கும் இதே முறைதான். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபைல். பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ்கள், மருத்துவச் சீட்டுகள் அதில் இருக்கும். வீட்டுப் பத்திரத்துக்கும் வரிக்கும் தனித்தனி ஃபைல். வரித் தாள்களை எத்தனை வருடம் வைக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்திரமும் சான்றிதழும் மட்டும் என்றைக்கும் தூக்கிப் போடக் கூடாதவை. அப்புறம் ஸ்டேப்ளர் பின்னை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டேன். ஈரம் பட்டால் துருப்பிடித்துத் தாளில் கறை இறங்குகிறது.

இனி ஸ்கேன். இதில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் ஒரு செயலியை நம்பி எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைத்தேன். நான்காம் வருடம் அதை மூடப்போவதாக அறிவித்தார்கள். நூற்றுக்கணக்கான படங்களை வெளியே எடுத்தபோது, நான் போட்டிருந்த தலைப்புகள் எதுவும் கூட வரவில்லை. வெறும் எண்கள்தான் வந்தன. இரண்டு வாரம் இரவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைத்தேன். அதிலிருந்து செயலி எதுவானாலும் ஸ்கேன் செய்ய மட்டும்தான். கோப்பு என் ஃபோல்டரில், பிடிஎஃப் வடிவில், விஷயம் முழுதும் கோப்பின் பெயரிலேயே இருக்கும். நீண்ட காலம் வைப்பதற்கென்றே பிடிஎஃப்/ஏ என்று ஒரு வடிவம் 2005இல் ஐஎஸ்ஓ தரமாக வந்தது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்துக்கொள்வதால், வருடங்கள் கழித்து வேறு கருவியில் திறந்தாலும் எழுத்து சிதறாது. முக்கியமானவற்றை அதில் சேமிக்கிறேன்.

பெயரில் முதலில் வருடம், பிறகு மாதம், தேதி. 2021-06-09 என்று ஆரம்பித்தால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். தேதியை முன்னால் போட்டால் எல்லா மாதங்களின் 9ஆம் தேதிகளும் ஒரே இடத்தில் குவிந்து நிற்கும்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நாள் 'ஃபிரிட்ஜ்' என்று தேடினேன், பாதிதான் வந்தது. மீதியை 'பிரிட்ஜ்' என்றும், 'ஃப்ரிட்ஜ்' என்றும், ஏதோ ஒரு உற்சாகமான நாளில் 'குளிர்சாதனப் பெட்டி' என்றும் எழுதி வைத்திருக்கிறேன். கணினிக்கு நான்கும் நான்கு வெவ்வேறு சொற்கள். கடன்சொற்களை நாம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறோம். அதற்காக ஒரு சிறிய பட்டியல் தயாரித்தேன்: எந்தப் பொருளுக்கு எந்த எழுத்துக்கூட்டல் என்று முப்பது சொற்கள். அதன் ஒரு பிரதியை பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். எட்டு வருடத்தில் நான் செய்த மிகப் பயனுள்ள வேலை இந்தப் பட்டியல் என்று தயங்காமல் சொல்வேன்.

படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் வசதியையும் பயன்படுத்துகிறேன். அதற்கான டெஸெராக்ட் என்ற மென்பொருள் இலவசம், அதற்குத் தமிழும் தெரியும். தெளிவாக அச்சான தாளில் நன்றாகவே படிக்கிறது. மங்கலான தாளில் 'ர'வையும் துணைக்காலையும் குழப்பிக்கொள்கிறது, கையெழுத்தில் கைவிட்டுவிடும். அதனால் அதைக் கூடுதல் உதவியாக மட்டும் வைத்திருக்கிறேன்.

பிரதிகளைப் பொறுத்தவரை கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. பென்டிரைவில் போட்டு வருடக்கணக்கில் தொடாமல் வைப்பது ஆபத்து, அதில் பதிந்தது காலப்போக்கில் தேய்ந்துபோகலாம்.

ஆறாம் வருடம் இந்த ஏற்பாட்டுக்கு உண்மையான பரீட்சை வந்தது. நான் வெளியூரில் இருந்தேன். மாமனாரை அவசரமாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. கணவர் போன் செய்தார்.

"அப்பாவோட இன்சூரன்ஸ் பேப்பர் எங்க இருக்கு?"

"பீரோவைத் திறங்க. மாமா ஃபைல், பச்சைக் கலர். முதல் உறைதான்."

"இருக்கு. பழைய ரிப்போர்ட் கேக்கறாங்களே?"

"அதே ஃபைல்ல கடைசி உறை. புதுசு மேல இருக்கும் பாருங்க."

இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிட்டார். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் போனை எடுக்க முடியாத நிலையில் இருந்திருந்தால்? எல்லாம் என் தலைக்குள் இருந்தது. ஊர் திரும்பியதும் எது எங்கே என்று ஒரே பக்கத்தில் எழுதி, அந்தச் சொல் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கிளவுட் கணக்கின் பாஸ்வேர்டை மூடிய உறையில் கணவரிடம் கொடுத்தேன். பிறகு ஒரு ஞாயிறு, நான் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்க, அவரும் மகளும் ஐந்து ஆவணங்களைத் தேடி எடுத்தார்கள். நான்கு கிடைத்தன. ஐந்தாவது கிடைக்காததற்கு நான் வைத்த தலைப்புதான் காரணம், மாற்றிவிட்டேன். இப்போது வருடம் ஒருமுறை இதைச் செய்கிறோம்.

இன்னும் சரிவராத விஷயமும் உண்டு. பல கடைகள் இப்போது தாளே தருவதில்லை, குறுஞ்செய்தியில் ஒரு இணைப்பு மட்டும் அனுப்புகிறார்கள். சில மாதம் கழித்துத் திறந்தால் அந்தப் பக்கமே இருப்பதில்லை. வந்த உடனே இறக்கி வைத்தால்தான் உண்டு. வீட்டில் மற்றவர்கள் வாங்கும்போது இது தவறிப்போகிறது. போன வருடம் வாங்கிய மிக்ஸிக்கு என்னிடம் பில் இல்லை.

போன மாதம் பழைய வாஷிங் மெஷினை விற்றோம். அதன் உறையையும் வாங்கியவரிடமே கொடுத்தேன். அவர் நின்றபடியே ஒவ்வொரு சர்வீஸ் சீட்டாகப் புரட்டினார், பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டார். தேதி அதிலேயே இருந்தது. அந்தக் காலி இடத்தில் புது மெஷினின் உறை வந்துவிட்டது, ஜெராக்ஸ் மட்டும் இன்னும் எடுக்க வேண்டும்.