“டயர் புதுசுதாங்க, 16 பிளை”: டிப்பர் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

டிராக்டர் டிப்பர் வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் தகடு கனத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள், ஜாக்கியைத் தூக்கிப் பார்க்கிறார்கள், வெல்டிங்கை விரலால் தடவிப் பார்க்கிறார்கள். டயருக்குக் குனிவதில்லை. சில பட்டறைக்காரர்கள் லாபம் பார்ப்பது அந்த இடத்தில்தான். திருவாரூர் பக்கம் குறுவை அறுவடைக்கு முன்னால் கைமாறிய ஒரு இரண்டு சக்கர டிப்பருக்கு நடந்ததைச் சொன்னால் வழிமுறை புரியும். விற்றவர் பெயர் வேண்டாம்; ஒரு பட்டறையோடு நிற்கிற வேலை இல்லை இது.

“டிரெய்லர் டயர், புதுசு, 16 பிளை, ரெண்டும் ஒரே செட்டு” என்பதுதான் பேச்சு. (பிளை என்பது டயரின் வலிமைக் குறியீடு.) மாட்டியிருந்ததோ லாரியில் ஓடி ஓய்ந்த 20 இஞ்ச் டயர்கள். இடது பக்கம் 9.00-20 நைலான், ரீட்ரேட் ஒட்டியது, அதாவது தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியது. வலது பக்கம் 10.00 ஆர் 20 ரேடியல், வழுக்கையான பிறகு சூட்டுக் கத்தியால் காடி வெட்டியது. இரண்டின் மேலும் கறுப்பு பாலிஷ். இரண்டுக்கும் உயரத்தில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம் என்பதால் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. கேட்டதற்கு, “லோடு ஏத்துனா ஸ்பிரிங் செட் ஆயிடும்” என்று பதில்.

புரட்டாசி மழையில் வயல் ஊறியிருந்ததால் அறுவடைக்கு பெல்ட் மிஷின், அதாவது சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம், வந்தது. மிஷின் சேற்றில் மிதந்துகொண்டு போனது. நெல் வாங்கப் பின்னாலேயே போன டிப்பர் ஆக்சில் வரை இறங்கிவிட்டது. விற்றவருக்குப் போன் போட்டால், “காத்தைக் குறைச்சு விடுங்க, ஏறிடும்” என்றார். 40 பவுண்டுக்கு இறக்கினார்கள், ஏறியும் விட்டது. அதே காற்றோடு முழு லோடு நெல்லுடன் தார் ரோட்டில் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் வழியில் இடது டயரின் ரீட்ரேட் தோள்பட்டையில் விட்டு, பட்டையாக உரிந்து மட்கார்டை அடித்து நொறுக்கியது. வலது டயரின் பக்கச்சுவரில் கை அகலத்துக்கு வீக்கம். பஞ்சர் கடைக்காரர் அதற்குக் காற்றுப் பிடிக்க மறுத்தார். அவர் செய்ததுதான் சரி. ஏன் என்று பின்னால் வருகிறது.

வயலில் இறங்கியதற்குக் காரணம் டிரைவர் இல்லை, கணக்கு. டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றழுத்தத்தின் அளவுதான். ஒரு சக்கரத்தில் 2,600 கிலோ உட்கார்ந்திருக்கிறது, காற்று 100 பவுண்டு என்றால், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ, தரையைத் தொடும் பரப்பு சுமார் 370 சதுர சென்டிமீட்டர். 19-க்கு 19 சென்டிமீட்டர் சதுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெல்டாக் களிமண் ஊறியிருக்கும்போது அந்தச் சிறு சதுரத்தின் மேல் இரண்டரை டன்னைத் தாங்காது. 40 பவுண்டில் அதே எடைக்குப் பரப்பு இரண்டரை மடங்காகும், அதனால்தான் ஏறியது. ஆனால் லாரி டயரின் தாங்கும் எடை முழுக் காற்றுக்குச் சொன்னது. 40 பவுண்டில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். அதன் மேல் முழு லோடு ஏற்றி ரோட்டில் உருட்டினால் பக்கச்சுவர் சுற்றுக்குச் சுற்று மடங்கி மடங்கிச் சூடேறும். ஒட்டு முதலில் விடும். ரேடியலாக இருந்தால் பக்கச்சுவருக்குள் உள்ள இரும்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். வெளியே எதுவும் தெரியாது. அடுத்து எப்போதாவது முழுக் காற்றுப் பிடிக்கும்போது அது ஜிப் திறந்த மாதிரி நீளவாக்கில் கிழிந்து வெடிக்கும். பக்கத்தில் குனிந்திருப்பவர் தப்புவது கடினம். வேண்டிய காற்றில் 80 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ வைத்து லோடோடு ஓடிய லாரி டயரைக் கழற்றி உள்ளே பார்க்காமல் காற்றுப் பிடிக்கக் கூடாது என்பது டயர்த் தொழிலில் எழுதிவைத்த விதி.

ஆக, “காத்தைக் குறைங்க” என்பது வயலுக்குள் நடை வேகத்துக்கு மட்டும். வரப்பேறியதும் கம்ப்ரஸர் இல்லையென்றால் அந்த யோசனையே வேண்டாம்.

இனி வாங்கும்போது. பக்கச்சுவரில் முதலில் தேட வேண்டியது பிளை எண் இல்லை. 16 பிளை என்றால் உள்ளே 16 அடுக்கு இருக்கிறது என்று பொருள் இல்லை. பழைய பருத்தி நூல் காலத்துக் கணக்கு, இன்று வெறும் வலிமைக் குறியீடு. உங்களுக்கு வேண்டியது அளவுக்கு அடுத்து வரும் மூன்று இலக்க எண்ணும் எழுத்தும். எண் எடையைச் சொல்லும்: 140 என்றால் 2,500 கிலோ, 145 என்றால் 2,900, 150 என்றால் 3,350. எழுத்து வேகத்தைச் சொல்லும்: ஏ6 என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர், ஏ8 என்றால் 40. லாரி டயரில் 146/143 கே என்று இரண்டு எண் இருந்தால் முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது இரட்டைச் சக்கரத்துக்கு.

உங்கள் வண்டிக்கு எந்த எண் வேண்டும் என்பதை ஊகிக்காதீர்கள். லோடு ஏற்றிய டிப்பரை எடைமேடைக்குக் கொண்டுபோய், டிராக்டரை மேடைக்கு வெளியே நிறுத்தி, டிப்பரின் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி எடை போடுங்கள். கொக்கி வழியாக டிராக்டர் தாங்கும் பங்கு தானாகக் கழிந்துவிடும். வந்ததை இரண்டால் வகுத்து, வரப்பில் சாயும்போது ஒரு பக்கம் கூடுவதற்காகப் பத்து சதவீதம் சேருங்கள். காலி எடை 1,500, நெல் 4,500, கொக்கியில் 800 என்றால் ஆக்சிலில் 5,200; சக்கரத்துக்கு 2,600; பத்து சதவீதம் சேர்த்து 2,860. 145-க்குக் கீழே எதையும் எடுக்கக் கூடாது.

ஒரே அளவில் வெவ்வேறு டயர் வரும் என்பதையும் வைத்து ஏமாற்றுகிறார்கள். 7.50-16 என்ற அளவில் டிராக்டர் முன்சக்கர டயரும் உண்டு, சிறு லாரி டயரும் உண்டு, டிரெய்லருக்கென்றே வரும் 16 பிளையும் உண்டு. மூன்று கோடு போட்ட முன்சக்கர டயர் மற்றதைவிடப் பாதி பிளைதான். “அதே சைஸ்தானே” என்று மாட்டிவிடுவார்கள். ஏ.டி.வி. என்று எழுதிய டயர் மாட்டு வண்டிக்கானது. எடை தாங்கும், மாடு நடக்கும் வேகத்துக்கு. டிராக்டருக்குப் பின்னால் கட்டி 30-ல் போனால் சூடேறி வெடிக்கும்.

ஈர வயலுக்கு அடிக்கடி போகிற டிப்பர் என்றால் அகலமான விவசாய டிரெய்லர் டயர் சரி: 400/60-15.5 போன்றவை. இதற்கு 13 இஞ்ச் அகல 15.5 ரிம் வேண்டும். இருக்கிற 16 இஞ்ச் ரிம்மில் “தட்டி ஏத்திடலாம்” என்று சொல்கிற கடையை விட்டு நடையைக் கட்டுங்கள். அரை இஞ்ச் வித்தியாசத்தில் பீடிங் கம்பி (ரிம்மில் உட்காரும் டயர் ஓரத்துக்குள் இருக்கும் கம்பி) அறுந்தால் காற்றுப் பிடிக்கும்போதே போய்விடும். ரிம் வெளியே தள்ளி உட்கார்ந்தால் ஹப் பேரிங் சீக்கிரம் போகும், பெட்டியோடு உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டிராக்டர் பின்சக்கரம் போல நகம் வைத்த டயர் டிப்பருக்குத் தேவையே இல்லை. டிப்பர் சக்கரம் இழுப்பதில்லை, உருள்கிறது. நகம் ரோட்டில் அதிர்ந்து தேய்வதுதான் மிச்சம். விட்டம் பெரியதாக இருந்தால் சேற்றில் இழுவை குறையும், அதைப் பாருங்கள்.

பெரும்பாலும் ரோட்டில் ஓடும் வண்டி, வருஷத்தில் ஒரு அறுவடைக்கு மட்டும் வயல் என்றால் அகல டயருக்குக் காசு கொட்ட வேண்டாம். நல்ல ரோடு டயர் போட்டு, டிப்பரை வயலோரப் பாதையிலேயே நிறுத்தி, மிஷினை வந்து கொட்டச் சொல்லுங்கள். அது முடியாத வயலில் பாதி லோடு. ஊறிய வயல் சேற்றில் ஐந்து டன்னைத் தூக்கி நிற்கும் டயர் எந்தக் கம்பெனியிலும் கிடையாது.

ரீட்ரேட் என்றாலே கெட்டது என்பதும் சரியில்லை. கேசிங் (மேல் ரப்பருக்கு அடியில் இருக்கும் டயரின் உடல்) நல்லதாக, வயது குறைந்ததாக இருந்தால் டிப்பர் வேகத்துக்கு ரீட்ரேட் தாராளமாக ஓடும், விலையும் கட்டுபடியாகும். அதைப் புதுசு என்று விற்பதுதான் திருட்டு. கண்டுபிடிக்க: ஓரத்தில், மேல் ரப்பரும் பக்கச்சுவரும் சேரும் இடத்தில் நகத்தை வைத்துச் சுற்றிலும் இழுங்கள், ஒட்டுக்கோடு நகத்தில் தட்டும். காடிக்குள் டார்ச் அடியுங்கள். தேய்மானத்தைக் காட்டும் சிறு மேடுகள் இடைவெளி விட்டுத் தெரிய வேண்டும். கத்தியால் வெட்டிய காடியில் அவை இருக்காது, அடியில் துணியோ கம்பியோ எட்டிப் பார்க்கும். பெட்ரோல் தொட்ட துணியால் பக்கச்சுவரை ஒரு தேய்ப்புத் தேய்த்தால் பாலிஷ் போய் மயிரிழை வெடிப்புகள் வெளிவரும். தயாரித்த தேதி நாலு இலக்கம்: 3517 என்றால் 2017-ன் 35-வது வாரம். இது பல டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். பழைய டயர் என்றால் அந்தப் பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பி மாட்டியிருப்பார்கள். டிப்பருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். அங்கேயும் எண்ணைக் கிரைண்டரால் தேய்த்திருந்தால் பேச்சே வேண்டாம்.

லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையம்) வைத்த 20 இஞ்ச் ரிம் என்றால் ரிங்கில் துரு தின்றிருக்கிறதா, வளைந்திருக்கிறதா பாருங்கள். காற்றுப் பிடிக்கும்போது கூண்டுக்குள் வைக்க வேண்டும்; காற்று இருக்கும்போது ரிங்கைச் சுத்தியலால் தட்டுபவரிடம் வண்டியை விடாதீர்கள்.

திருவாரூர் டிப்பருக்கு நிவாரணம் கிடைக்காமல் போனதற்குக் காரணம் பில். அதில் “டிப்பர் 1” என்று ஒரே வரி. டயரைப் பற்றி ஒரு சொல் இல்லை. உங்கள் பில்லில் ஒவ்வொரு டயருக்கும் கம்பெனி, அளவு, பிளை, எடை-வேகக் குறியீடு, வரிசை எண், தேதி எண், புதியதா ரீட்ரேடா என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் டயர் இல்லாமல் விலை பேசி, டயரைத் தனியாக வாங்குங்கள். ஏமாந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. “பழைய டயரைக் கொடுங்க, வேற மாத்தித் தர்றோம்” என்று பட்டறையிலிருந்து ஆள் வந்தால், எழுத்தில் ஒத்துக்கொள்ளும் வரை உரிந்த டயரைக் கொடுத்தனுப்பாதீர்கள். தேதி எண் தெரிகிற மாதிரி படமும் எடுத்து வையுங்கள்.