டிஜிபின்: இணையத்தில் விற்பவரின் முகவரிச் சிக்கலுக்கு எவ்வளவு தூரம் உதவுகிறது?

மதுரையிலிருந்து சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்றுவருகிறேன். சேலை பிடிக்காமல் திரும்பி வருவதைவிட, முகவரி சரியில்லை என்று பார்சல் திரும்பி வருவதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. போக வர இரண்டு கட்டணமும் என்னைச் சேரும் என்பது ஒருபுறமிருக்க, விசேஷத்திற்குக் கட்டிக்கொள்ள வாங்கியவருக்கு உரிய நாளில் சேலை கிடைக்காமல் போகிறது.

"பிள்ளையார் கோவில் தெரு, பள்ளிக்கூடம் எதிரில்" என்பதோடு முகவரியை முடித்துவிடுபவர்கள் உண்டு. சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவிலக்கங்கள் இருக்கும் வீட்டுக்கு, எது என்று குறிப்பிடாமல் ஒன்றை மட்டும் எழுதுபவர்களும் உண்டு. 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் உள்ள ஆறு இலக்கப் பின்கோடு, பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டுமே தவிர வீட்டைக் காட்டாது.

அந்த இடைவெளியை நிரப்பவே அஞ்சல் துறை, ஐஐடி ஹைதராபாத்துடனும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையத்துடனும் இணைந்து உருவாக்கிய டிஜிபின்னை 2025 மே மாதம் வெளியிட்டது. நாடு முழுவதையும் ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த பத்து இடக் குறியீட்டைத் தருகிறது. வாங்குபவர் தம் வீட்டில் இருந்தபடி அதற்கான இணையதளத்தைக் கைபேசியில் திறந்து, இருப்பிட அனுமதி கொடுத்தால் போதும், கட்டணம் இல்லை. சுழியமும் ஒன்றும், அவற்றோடு குழம்பக்கூடிய ஆங்கில ஓ, ஐ எழுத்துகளும் இந்தக் குறியீட்டில் இடம்பெறுவதில்லை என்பதை, லேபிளைக் கையால் எழுதும் நான் பெரிதும் பாராட்டுகிறேன்.

ஆனால் இது முகவரிக்கு மாற்று அன்று. அடுக்குமாடியில் தரைத்தளத்திற்கும் நான்காம் தளத்திற்கும் ஒரே குறியீடுதான். வீட்டுக்குள் செயற்கைக்கோள் சமிக்ஞை பலவீனமாக இருந்தால் பக்கத்து வீட்டின் கட்டம் வந்துவிடலாம். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய குறியீட்டை அந்த இணையதளத்தில் இட்டுப் பார்த்தபோது, அவர் எழுதியிருந்த பின்கோட்டுப் பகுதிக்கு வெகு தொலைவில் ஓர் இடத்தைக் காட்டியது. தொலைபேசியில் கேட்ட பிறகுதான், அலுவலகத்தில் உட்கார்ந்து எடுத்த குறியீடு அது என்று தெரிந்தது. அன்றிலிருந்து பின்கோடும் டிஜிபின்னும் ஒரே பகுதியைக் காட்டுகின்றனவா என்று பார்க்காமல் நான் எந்தப் பார்சலையும் கட்டுவதில்லை.

நான் பயன்படுத்தும் கூரியர் நிறுவனத்தின் படிவத்தில் இதற்கெனத் தனிக் கட்டம் இன்னும் இல்லை. ஆகவே கதவிலக்கம், தளம், தெரு, அடையாளம் ஆகியவற்றை முழுமையாகக் கேட்டு வாங்கி, அடையாளத்தை அடுத்து டிஜிபின்னையும், அதன்கீழ் வாங்குபவரின் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி அனுப்புகிறேன்.