ஜெய்சல்மேரா, கட்ச் ரண்ணா? மகளோடும் கேமராவோடும் இரண்டு பாலைகள்

பத்தாவது முடித்த மகளுக்குப் படம் எடுக்கும் பைத்தியம். எனக்கு வண்டி ஓட்டும் பைத்தியம். ஒரு டிசம்பரில் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர், மறு ஜனவரியில் குஜராத்தின் கட்ச் ரண் என்னும் உப்புப் பாலை என்று இரண்டு பாலைகளையும் காரில் சுற்றினோம்.

ஜெய்சல்மேரில் படத்துக்குப் பஞ்சமில்லை. 1156-இல் எழுந்த கோட்டை சாயங்கால வெயிலில் தேன் நிறமாகும். கட்சிசர் ஏரி, ஆளில்லாத குல்தாரா கிராமம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு படம் தயாராக நிற்கும். சிக்கல் மணல்மேட்டில்தான். சுமார் 40 கி.மீ. தள்ளியிருக்கும் சாம் மேடுகளில் மாலையானால் ஜீப், ஒட்டகம், கூட்டம். சுவடு படாத மணல் கிடைப்பது கஷ்டம். விடிகாலையில் போனால் தேவலை. வெயில் சாய்வாக விழும் அந்தக் கொஞ்ச நேரம்தான் மணல் வரிகளுக்கு நிழல் கொடுக்கும். ஆனால் அந்த வயதுப் பிள்ளையை ஐந்து மணிக்கு எழுப்பிப் பாருங்கள், தெரியும். கூட்டம் வேண்டாமென்றால் மணல்மேடுகள் உள்ள இன்னொரு கிராமமான கூரி பக்கம் போகலாம்.

லென்ஸை மணல்மேட்டிலேயே மாற்றியது என் தப்பு. அன்றிலிருந்து ஜூம் வளையம் நறநறவென்கிறது. "கார்ல வெச்சு மாத்துங்கன்னு சொன்னேன்லப்பா" என்று இன்னும் குத்திக்காட்டுகிறாள்.

ரண்ணில் கதை வேறு. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், வற்றியதும் உப்பு மிஞ்சும். அடிவானம் வரை வெள்ளை, வேறொன்றும் இல்லை. இந்த வெள்ளை ரண்ணின் ஓரத்துக் கிராமம் தோர்தோ, புஜ் நகரிலிருந்து 80 கி.மீ.க்குச் சற்றுக் கூட. வழியில் அனுமதிச் சீட்டு வாங்க அடையாள அட்டை வேண்டும். நல்ல மழை பெய்த வருடம் நவம்பரில் போனால் உப்புக்குப் பதில் சேறுதான் கிடைக்கும்.

முதல் பத்துப் படமும் அழுக்கு வேட்டி நிறத்தில் வந்தன. அத்தனை வெள்ளையைப் பார்த்ததும் கேமரா தானாக ஒளியைக் குறைத்துவிடுகிறது; எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விழும் ஒளியை, ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு), ஒன்றரை ஸ்டாப் கூட்டிய பிறகுதான் உப்பு உப்பாகத் தெரிந்தது. அப்புறம் எதை எடுப்பது? நான் அடிவானத்தையே சுட்டுக்கொண்டிருந்தேன். என் ஷூ ஓரிடத்தில் உப்புத் தோலை உடைத்துக்கொண்டு இறங்கியது. அந்தக் குழியில் மெதுவாகத் தண்ணீர் ஊறி, துண்டு வானம் தெரிந்தது. அவள் குப்புறப் படுத்து அதை எடுத்தாள். ஜெய்சல்மேர் படங்களில் எது அவளுடையது, எது என்னுடையது என்று எனக்கே குழப்பம். இங்கே அந்தக் குழப்பமே வரவில்லை. என் ஓட்டு ரண்ணுக்கு.

ஓட்டுகிறவனுக்கும் அதுதான். ரண்ணை ஒட்டிய காவ்டா கிராமத்திலிருந்து ஹரப்பா காலத்து நகரமான தோலாவிரா நோக்கிப் போகும் சாலையில் சுமார் 30 கி.மீ. இரு பக்கமும் வெள்ளைதான்.

நட்சத்திரப் படம் என்றால் அமாவாசையை ஒட்டிக் கூரி, பௌர்ணமி நிலாவுக்கு ரண். பால்வீதியின் பளிச்சென்ற நடுப்பகுதி டிசம்பரில் சிக்காது. பிப்ரவரிக் கடைசியில், விடிவதற்கு முன் பார்க்கலாம். அதற்கும் ஐந்து மணிக்கு முன்னால் எழ வேண்டும்.

மகளைக் கேட்டால் அவள் ஓட்டு ஜெய்சல்மேருக்கு. ஒட்டகத்துக்காகவாம்.